சமையலறையில் தங்கிவிட்ட கேள்வி

உஸ்மான் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பான். மோட்டார் சுவிட்சைப் போடுவான். மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்பதற்குள் பல் தேய்த்து முகம் கழுவிவிடுவான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்றவைப்பான். அப்போது அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவிலிருந்து, போன வருடம் இறந்துபோன அவன் மனைவி ஷாயிஸ்தா, "என்னங்க, ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?" என்று கேட்பாள். அவன் பதில் சொல்லமாட்டான். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு மகளை எழுப்பப் போவான்.

வீடு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற சாலையில், இடது பக்கச் சந்தில் இருக்கிறது. அந்த மனையில் வீட்டுக்காரர் சுப்பராயலுவின் அப்பா நெல் போட்டார். சுப்பராயலு ஆறு வீடு போட்டார். கீழ்த்தளத்தில் உஸ்மானும் ஷாயிஸ்தாவும் கல்யாணமான மாதமே குடிவந்தார்கள். அவன் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் பிரிவில் இருந்தான். லிஃப்ட் நடுவழியில் நின்றால் அவனுக்குத்தான் போன் வரும். அவள் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கூடத்தில் டியூஷன் எடுத்தாள். அதில் தெரிந்துகொண்டதையெல்லாம் எழுதி ஒரு புத்தகமாக்கினாள். ‘கேட்டுவிட்டுக் காத்திருங்கள்’ என்று பெயர் வைத்தாள். இரண்டு பதிப்பகங்கள் பார்க்கிறோம் என்றன, பார்க்கவில்லை. அவளே அச்சடித்தாள். தட்டச்சு செய்து பக்கம் கட்டியது உஸ்மான். அட்டைப் படத்தை அவள் தம்பி அசார் கம்ப்யூட்டரிடம் சொல்லி வரையவைத்தான். கை தூக்கி நிற்கிற அந்தக் குழந்தைக்கு ஆறு விரல் இருப்பதை முந்நூறு பிரதியும் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் பார்த்தார்கள். அசார் தலையில் கை வைத்துக்கொண்டான். "விடுடா, கூட ஒரு சந்தேகம் கேக்கட்டும்" என்று ஷாயிஸ்தா சொல்லிவிட்டாள்.

புத்தகத்தில் இருந்தது ஒரே விஷயம்தான். பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டால் பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள், வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கணவன் மனைவிக்கும் அதுவே என்று குடும்பத்தைப் பற்றிய அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். ராத்திரிக்கு என்ன சமைப்பது என்பதுதான் நம் வீடுகளில் தினமும் கேட்கப்பட்டு, ஒருநாளும் பதில் கிடைக்காத கேள்வி, ‘எதுனா பண்ணு’ என்பதை நான் பதிலில் சேர்ப்பதில்லை என்று ஒரு பத்தி. அதற்குக் கீழே, பதில் கிடைக்காத கேள்வி வீட்டைவிட்டுப் போகாது, யாரிடம் கேட்டோமோ அவர் உண்மையான பதிலைச் சொல்லும்வரை அங்கேயே இருக்கும் என்று இரண்டு வரி. சும்மா ஒரு பேச்சுக்கு எழுதியதாகத்தான் உஸ்மான் நினைத்தான். அதில் ஓர் ஒற்றுப் பிழையைத் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான்.

புத்தகம் டியூஷன் பெற்றோர்களிடமும், அவர்கள் மூலம் கீழ்க்கட்டளை வரைக்கும் போயிற்று. முதலில் கீழ்க்கட்டளையிலிருந்துதான் செய்தி வந்தது. அரிகிருஷ்ணன் என்கிற வங்கி ஊழியர் புத்தகத்தில் சொன்னபடி, பிளஸ் டூ முடித்த தன் மகன் ஹரிபிரசாத்திடம், "உனக்கு என்னதான்டா படிக்கணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். பையனும் மூடிக்கொண்டான். கேள்வி கூடத்து மின்விசிறிக்குக் கீழே நின்றுவிட்டது. அவர் அலுவலகத்தில் இருக்கும்போதும் அவர் குரலில் அது கேட்டது. விசிறியை வேகமாக வைத்தால் கொஞ்சம் இழுத்து இழுத்துக் கேட்டது, அவ்வளவுதான். விருந்தாளிகள் அதன் அடியில் உட்காராமல் சோபாவை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். பையன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே "சமையல்" என்றான். கேள்வி போய்விட்டது. அப்பா பேச ஆரம்பித்தார், அது வேறு கதை. மாடம்பாக்கத்தில் அபிதகுஜாம்பாள் என்கிற பெண் தன் மாமியாரிடம் கேட்ட ஒரு கேள்வி வாசற்கதவிலேயே இருக்கிறது. மாமியார் இன்னும் பதில் சொல்லவில்லை. பால்காரர் அதைத் தாண்டித்தான் பாக்கெட் போடுகிறார். வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதெல்லாம், தண்ணீர் லாரி வரவில்லை என்பதுபோல வரிசையாக வந்தது. ஷாயிஸ்தா எல்லோருக்கும் ‘பொறுங்கள்’ என்று ஒரே வார்த்தையை அனுப்பினாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை, உஸ்மான் ஒரு காலில் ஷூ போட்டிருந்தபோது போன் வந்தது. மேடவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில், பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட குடும்பம் ஒன்று இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவன் போனில் "உள்ள எத்தனை பேரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கையில் ஷாயிஸ்தா சமையலறையிலிருந்து, ராத்திரிக்கு என்ன பண்ணட்டும் என்று கேட்டாள். இரு என்று கையைக் காட்டிவிட்டு அவன் வண்டியை எடுத்தான். கல்யாண வீட்டார் முகூர்த்தத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் வந்தபோது அவள் போர்டுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது அவள் அப்படித்தான் உட்காருவாள். தாங்கள்தான் கேள்வியைக் கவனிக்கவில்லை என்று நினைத்த பிள்ளைகள் சத்தமில்லாமல் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு பதிலை யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பு வினிதாதான் கடைசியில் கையைத் தூக்கி, "மிஸ், கொஸ்டின் என்ன மிஸ்?" என்றாள். பிறகு எழுந்துபோய் மாடியிலிருந்து சுப்பராயலுவின் மனைவி தனக்கோடியைக் கூட்டிவந்தாள். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஷாயிஸ்தாவுக்கு வயது முப்பத்தொன்று. மகள் ரூக்சாருக்கு ஐந்து.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு வந்தவர்கள் எல்லோரும், கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்பது வழக்கம். கலிமா சொன்னாள் என்று கேட்டால் வந்தவர்களுக்கு மனம் ஆறும். அவள் அம்மா பரிதா, பதினோரு மணிக்குப் போனில் பேசியபோது "வச்சிடறேம்மா" என்று சொன்னதுதான் கடைசி என்றாள். தனக்கோடி, மத்தியானம் மாடிப்படியில் பார்த்தபோது "தண்ணி வந்துச்சாக்கா?" என்று கேட்டாள், வந்துச்சு என்று நான் சொன்னேன், அதுதான் கடைசி என்றாள். இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. வந்தவர்களுக்கு டீ போடலாம் என்று பரிதா அடுப்பைப் பற்றவைத்தபோது, ஷாயிஸ்தா அவள் காதுக்கு அருகில் ராத்திரிக்கு என்ன பண்ணட்டும் என்று கேட்டாள். பரிதா டம்ளர் தட்டைக் கீழே போட்டுவிட்டு, "நீ ஒண்ணும் பண்ண வேணாம்டி கண்ணு, அம்மா பாத்துக்கறேன்" என்று அழுதாள். அது பரிதாவிடம் கேட்ட கேள்வி இல்லை என்பதால் அப்படியே இருந்தது.

அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் கேட்கும் என்பது இரண்டொரு நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. புகைபோக்கி விசிறி ஓடினால் குரல் பின்சந்துக்கும் போயிற்று. பக்கத்து வீட்டு ஆண்கள் தங்களைக் கேட்டதாக நினைத்து இட்லி, சப்பாத்தி என்று பதில் சொன்னார்கள். உஸ்மான் விசிறியை நிறுத்தி ஓட்டையைத் தினசரித் தாள் வைத்து அடைத்தான். மழைக்காலத்தில் குரல் சற்றுக் கனத்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருநாள் வந்து அடுப்படியில் நின்று இரண்டு தடவை கேட்டார். "சமையலைப் பத்திதானேப்பா கேக்குறாங்க, இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார். சுப்பராயலு மட்டும் படியிறங்கும்போதெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். "இன்னாப்பா உஸ்மான், இன்னும் கேட்டுகினே கீதா? பாவம்பா, அதும் எத்தினி நாளு நின்னுகினே இருக்கும்? ஒரு பதிலு சொல்லி அனுப்பேம்பா" என்பார். உஸ்மான் தலையை ஆட்டுவான். பதில் சொன்னால் கேள்வி போய்விடும். கீழ்க்கட்டளையில் போய்விட்டது. அவனிடம் அவள் குரல் வேறெங்கும் இல்லை. அவள் போனில் பேசிப் பதிவுசெய்கிறவள் இல்லை, எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்புகிறவள்.

ஆகவே அந்த வீட்டில் சாப்பாட்டின் பெயர்கள் நின்றுபோயின. வாய் தவறி ஒரு பெயரைச் சொல்லி, அது பதிலாக ஆகிவிட்டால் என்ன செய்வது என்று உஸ்மான் எதையும் பெயர் சொல்லிக் கேட்பதை நிறுத்தினான். வேண்டியதை விரலால் காட்டினான். பேத்திக்காக வீட்டோடு வந்துவிட்ட பரிதாவும் காட்டினாள். ரசத்துக்கு ஒரு விரல், குழம்புக்கு இரண்டு, முட்டைக்குக் கையைக் குவித்துக் காட்டினாள். "ஊமை வீட்டுல பொண்ணு குடுத்த மாதிரி ஆயிடுச்சு மாப்புள என் பொழப்பு" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது. ரூக்சார் அரிசி டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்து அங்கேயே வீட்டுப்பாடம் எழுதினாள், அங்கேயே பல் தேய்த்தாள், அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி நச்சரித்தாள். உஸ்மான் லைட்டரை மேல் அலமாரியில் வைத்தான். ஒரு நாள் அவள், "அத்தா, நீங்க பதில் சொன்னா அம்மா போயிடுவாங்களா?" என்று கேட்டாள். அதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி டிரம்முக்கு மேலே தங்கிவிட்டது. சின்னக் குரல் என்பதால் பரிதா சுண்டெலி என்று நினைத்தாள்.

கோடை விடுமுறை முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் போன ரூக்சார், பெயர் கூப்பிட்டால் "பிரசன்ட் மிஸ்" சொல்லவில்லை. முதலில் கூச்சம் என்று நினைத்தார்கள். அப்புறம் அவள் எந்தக் கேள்விக்குமே பதில் சொல்வதில்லை என்று தெரிந்தது. விளையாட வர்றியா என்று கேட்ட பிள்ளைகள் கொஞ்சநேரம் நின்றுபார்த்துவிட்டுப் போனார்கள். வகுப்பாசிரியை அமலராணி உஸ்மானை வரச்சொன்னாள். "சார், அவளுக்கு எல்லாம் தெரியுது. எழுதச் சொன்னா எழுதறா. வாயத் திறந்து பதில் மட்டும் சொல்ல மாட்டேங்குறா. நேத்து தனியா உக்கார வச்சு, ஏன்டா தங்கம்னு கேட்டேன். அதுக்கும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு அவளாவே வந்து காதுல சொல்றா, ‘நான் சொல்லிட்டா நீங்க போயிடுவீங்க மிஸ்’னு." அமலராணி கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல சார். நிர்வாகத்துல, இவள வேற ஸ்கூல்ல பாத்துக்கச் சொல்லுங்கன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க."

ஜூலையில் ரூக்சாருக்குக் காய்ச்சல் வந்தது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார், பரிதா கேட்டாள், உஸ்மான் கேட்டான். அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். மூன்று பேரின் கேள்விகளும் கட்டிலைச் சுற்றி நின்றன. இரண்டு நாள் கழித்துத் தலையணையில் சீழ் இருந்தது. வலது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. "முதல் நாளே சொல்லியிருந்தா சொட்டு மருந்துலயே போயிருக்கும்" என்று டாக்டர் சொன்னார்.

அன்று சாயங்காலம் உஸ்மான் காது மருந்தைச் சமையலறை ஃப்ரிட்ஜில் வைத்தான். தான் தட்டச்சு செய்த புத்தகத்திலிருந்து ஒரு வரி அவனுக்கு ஞாபகம் வந்தது. பெரியவர்கள் பதில் சொல்வதைப் பார்த்திராத பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாது. மறுநாள் காலை காதில் பஞ்சு வைத்திருந்த மகளைத் தூக்கி டிரம்மின் மேல் உட்காரவைத்தான். லைட்டரை இறக்கிப் பாலை வைத்தான். ஷாயிஸ்தா கேட்டாள்.

"சாம்பார்" என்றான் உஸ்மான்.

ரூக்சார் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடுப்பு எரிந்தது. சற்றுப் பொறுத்து ஷாயிஸ்தா மறுபடியும், அதே குரலில், அதே இடத்திலிருந்து கேட்டாள்.

தோசை என்றான், கேள்வி போகவில்லை. எலுமிச்சை சாதம் என்றான், அதற்கும் போகவில்லை. பரிதா பின்னாலிருந்து, "அவளுக்குத் தெரியாதா மாப்புள? நீங்க சும்மா சொல்றீங்கன்னு" என்றாள். அது உண்மைதான். போன ஆகஸ்டிலிருந்து அவனுக்கு எதையும் சாப்பிட வேண்டும் என்று தோன்றியதில்லை. தட்டில் இருப்பதைச் சாப்பிட்டான். பசி நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தான். உண்மையான பதில் அவனிடம் இல்லை. இத்தனை மாதமாகக் கேள்வி போய்விடும் என்று பயந்தது வீண். அனுப்ப நினைத்தாலும் அவனால் முடியாது.

ஆனாலும் அவன் தினமும் காலையில் ஒன்றைச் சொன்னான். செய்தி சந்தில் பரவியது. தனக்கோடி மாடியிலிருந்து மோர்க்குழம்பு என்று யோசனை சொன்னாள். "கருவாட்டுக் கொழம்பு சொல்லுப்பா! அதுக்கு மிஞ்சி இன்னா கீது ஒலகத்துல?" என்று சுப்பராயலு ஜன்னலில் கத்தினார். உஸ்மான் கருவாட்டுக் குழம்பையும் சொன்னான். கேள்வி அசையவில்லை. "டேஸ்ட்டு தெரியாத குடும்பம்பா" என்று சுப்பராயலு முணுமுணுத்துக்கொண்டு போனார். ஓட்டல் பட்டியல் மாதிரி ஒரு மாதம் ஓடியது. டிரம்மின் மேலிருந்து ரூக்சார் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா பதில் சொல்கிறார், அம்மா போகவில்லை. அத்தா மறுபடியும் சொல்கிறார், அம்மா மறுபடியும் கேட்கிறாள். முதலில் கண்ணை மூடுவதை நிறுத்தினாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் அவன் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றபோது, "நூடுல்ஸ் சொல்லுங்க அத்தா" என்றாள். பரிதா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். உஸ்மான் நூடுல்ஸ் என்றான். அந்த வாரம் ரூக்சார் வகுப்பில் பிரசன்ட் மிஸ் சொன்னாள். அமலராணி பெயர் கூப்பிடுவதை நிறுத்தி, அவள் இன்னொரு தடவை சொல்லும்வரை காத்திருந்து கேட்டாள். பிறகும் மிஸ் எங்கும் போகவில்லை, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் நடுவில் பெரும்பாக்கத்தில் ஒரு லிஃப்டைச் சரிபார்த்துவிட்டு உஸ்மான் மழையில் வந்துகொண்டிருந்தான். மேடவாக்கம் அருகே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கச் சந்தில் வண்டியை ஒதுக்கி நின்றான். அங்கே தகரக் கூரைக்குக் கீழே சமையல் பண்டாரி அண்டாவைத் திறந்தார். பருப்பும் ஆட்டெலும்பும் புளியும் கத்திரிக்காயுமாக ஆவி வந்து நனைந்த சட்டையில் பட்டது. அவன் வயிறு சத்தம் போட்டது. யாரோ கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தான். மழை விடுவதற்கு முன்பே வண்டியை எடுத்தான். வேளச்சேரி சாலை முழுக்க வாயில் எச்சில் ஊறியது. வீட்டுக்குள் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சமையலறைக்குப் போனான். பரிதா டீக்குப் பால் வைத்திருந்தாள். ரூக்சார் டிரம்மின் மேல் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஷாயிஸ்தா, என்னங்க, ராத்திரிக்கு என்ன பண்ணட்டும் என்று கேட்டாள்.

"தால்ச்சா பண்ணேன் ஷாயிஸ்தா, ரொம்பப் பசிக்குது" என்றான்.

கேள்வி மறுபடி வரவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. ரூக்சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்தாள். அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஃப்ரிட்ஜைத் திறந்து காய்கறித் தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. ஃப்ரிட்ஜ் மூடித்தான் இருந்தது. ஷாயிஸ்தாவுக்கு அது இன்னும் அந்தக் காலைதான், அவன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒரே ஒரு தடவை பேசினாள். மூன்று பேர் காதிலும் விழுந்தது. உஸ்மான் சரி என்றான். ரூக்சாரும் சரி என்றாள். அவன் வயர் கூடையை எடுத்துக்கொண்டு, மகளை வண்டியின் முன்னால் உட்காரவைத்துக் கேம்ப் ரோடு கடைக்குப் போனான். ராத்திரி பரிதா சமைத்தாள். அவன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டான். அடுத்த நாள் காலை அடுப்பைப் பற்றவைத்தபோது பால் கொதிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. டிரம்முக்கு மேலே இருந்த சின்னக் கேள்வியும் இல்லை.

புத்தகம் இப்போது இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. அட்டைக் குழந்தையின் ஆறாவது விரலை எடுத்துவிடலாமா என்று அசார் கேட்டான், இருக்கட்டும் என்று உஸ்மான் சொன்னான். ரூக்சார் தன்னிடம் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறாள் என்று இப்போது வேறு மாதிரிப் புகார் வருகிறது. மாடம்பாக்கத்து வாசற்கதவில் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. வருடப் பாத்திஹா ஓதுவதற்கு வந்த உறவுக்காரர்கள் மறுபடியும், ஷாயிஸ்தா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். பரிதா போனைப் பற்றியோ தனக்கோடி தண்ணீரைப் பற்றியோ பேசவில்லை, இருவரும் உஸ்மானைப் பார்த்தார்கள். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னான்:

"தால்ச்சாவா? கத்திரிக்கா இல்லியேங்க. வரும்போது வாங்கிட்டு வந்துடுங்க, பிஞ்சா பாத்து."